எல்லாம் சிவப்பு வயர்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அருள்நாயகம் ஹோர்னை அமத்தினார். ஹோர்ன் வாய் திறக்கவில்லை. டாஷ்போர்ட்டுக்குள்ளிருந்து புகைதான் வந்தது.

குற்றவாளியைத் தேட வெளியே போகவேண்டியதில்லை. பெட்டி பெட்டியாக வந்திறங்கிய சாமான்களைப் பொருத்திப் பூட்டி, மோர்னிங்சைட் வீட்டுக் கராஜுக்குள் இரண்டு பேர் இருக்கக்கூடிய ஒரு குட்டிக் காரை உருவாக்கிக்கொண்டிருந்தவர் அவர்தான். ஹோர்னுக்குப் பியூஸ் வைக்காமல் பற்றரியிலிருந்து நேரே வயர் இழுத்தவரும் அவர்தான். பியூஸ் என்பது கடைக்காரர் பிழைப்பதற்காகக் கண்டுபிடித்த சாமான் என்பது அவருடைய கொள்கை. கொள்கை இப்போது பிளாஸ்ரிக் மணத்தோடு எரிந்துகொண்டிருந்தது.

பக்கத்து வீட்டாக்கள் ஏசுவார்கள் என்று சொல்லி, மூன்று மாதமாக அந்த ஹோர்னைத் தொடவிடாமல் பார்த்துக்கொண்டவள் மனைவி மங்கையற்கரசி. இன்று கறிக்கு உப்புப் பார்க்கப் போன இடைவெளியில் காரியம் நடந்துவிட்டது.

அவர் பற்றரி வயரைப் பிடுங்கி எறிந்தார். பெருவிரல் பொசுங்கியது. வாசலில் மங்கை வாளித் தண்ணீரோடு நின்றாள்.

"ஊத்தாதை! கரண்ட்!"

"அப்ப உங்கட தலையில ஊத்தட்டோ?"

புகை அடங்கியது. அவள் பயத்தில் கராஜ் லைற்றையும் நிற்பாட்டிவிட்டு ஃபோனை எடுத்தாள். "மாமாங்கம் அண்ணை, ஒருக்கா ஓடி வாங்கோ. இவர் ஹோர்னை அமத்திப்போட்டார்."

மாமாங்கம் மட்டக்களப்பான், கார்களுக்கு வயரிங் செய்வது அவன் தொழில், அருள்நாயகத்தின் இருபது வருஷச் சிநேகிதன். கார்ப் பெட்டிகள் வந்த அன்றே, "மச்சான், வயரிங்க மட்டும் என்னட்டத் தா" என்று கேட்டான். "வயரோட வயரை ஒட்டுறதுக்கும் ஒரு ஆளோ? எயார்போர்ட்டில சூட்கேஸ் ஓடுற பெல்ற்றையே பாக்கிறவன் நான்" என்று நாலு பேர் முன்னால் சொல்லி அவனை அனுப்பியவர் இவர்.

மலிவாகக் கிடைத்ததென்று ஒரே நிறத்தில் பெரிய உருளை ஒன்றை வாங்கி, கார் முழுக்கச் சிவப்பு வயரே இழுத்தார். எது எதற்கென்று தெரியவேண்டுமே! வெள்ளை ஒட்டுரேப்பில் தமிழில் எழுதி ஒட்டினார்.

அதிசயம், எல்லாம் வேலை செய்தது. உடனே அல்ல. வெள்ளிக்கிழமை எரியாத லைற், அவர் சனிக்கிழமை முழுக்க மிசிசாகா எயார்போர்ட்டில் வேலை பார்த்துவிட்டு வந்தபின், ஞாயிறு காலையில் எரிந்தது. வாரா வாரம் இப்படியே. அதற்கும் ஒரு கொள்கை கண்டுபிடித்தார்: புது வயரை ஒரு நாள் உறங்க விடவேண்டும். வேலையிடத்து றிச்சர்ட்டுக்கு இதை விளக்கியபோது, அவன் மரியாதையாகத் தலையாட்டினான்.

போன மாதம் முன்விளக்குகள் எரிந்ததும் ஆட்களைக் கூப்பிட்டுக் கேக் வெட்டினார். "இந்தக் காரில வேறை ஒருத்தரின்ர கையும் படேல்லை" என்று பேசும்போது தொண்டை அடைத்தது. ஐம்பத்தாறு வயதில், முழுக்கத் தன் கையால் ஆனதென்று காட்ட அவருக்கு இந்த ஒன்றுதான் இருந்தது. அன்று எல்லாரையும்விட உரக்கக் கைதட்டியவன் மாமாங்கம்.

அந்த மாமாங்கம் எட்டே நிமிடத்தில் வந்தான். இருட்டுக் கராஜுக்குள் நுழைந்தவன், ஃப்ரீசருக்குப் பின்னால் கையை விட்டு லைற்றைப் போட்டான். அந்தச் சுவிச்சைப் பதினொரு வருஷமாக அங்கே குடியிருக்கும் அருள்நாயகமே இரண்டு தரம் தடவித்தான் பிடிப்பார். இவன் பார்க்கக்கூட இல்லை.

அவர் ரோர்ச்சைத் தேடி எடுத்தார்.

மாமாங்கம் டாஷ்போர்ட்டைக் கழற்றினான். அருள்நாயகம் ரோர்ச்சோடு குனிந்தார். ரேப்பில் 'முன்விளக்கு இடது' என்று இருந்தது. அவருடைய எழுத்து சரிந்து விழும். இது அச்சுப்போல உருண்டை. வயர் மூட்டுகள் ஈயம் வைத்து ஒட்டப்பட்டிருந்தன. அவர் ஈயம் வாங்கியதே இல்லை.

"உது என்ர எழுத்தில்லை."

"விரலுக்கு மருந்து போட்டியா மச்சான்?"

"ஆரின்ர எழுத்தெண்டு கேக்கிறன்."

"முதல்ல ஐஸ் வைக்கணும். தங்கச்சி, ஐஸ் இருக்கா?"

"சோறு ஆறுது, சாப்பிட வாங்கோவன்" என்றாள் மங்கை.

அப்போதுதான் அவருக்கு நண்டு ஞாபகம் வந்தது. கொலஸ்ரோல் என்று அவருக்கு நண்டை நிறுத்தி ஒரு வருஷம். ஆனால் ஞாயிறு காலைகளில் பச்சைக் குப்பைத் தொட்டியில் நண்டுக் கோது கிடக்கும். பக்கத்து வீட்டுக்காரி கொட்டியிருப்பாள் என்றாள் மங்கை. நம்பினார். வயர் உறங்கும் என்று நம்பியவருக்கு அது பெரிய காரியமா?

"சனிக்கிழமையில நண்டுக் கறியோ மங்கை?"

மங்கை வாளியைப் பார்த்தாள். "அவர் காசு வாங்கமாட்டன் எண்டிட்டார். வெறும் வயித்தோடயோ அனுப்புறது?"

"நான் அதைக் கேக்கேல்லை."

"வீடு எரிஞ்சிடுமெண்டு எனக்கு நித்திரை இல்லை, அதுதான் அண்ணையைக் கூப்பிட்டனான்" என்றாள். அவர் அதையும் கேட்கவில்லை.

அருள்நாயகம் காரின் சீற்றில் இருந்தார். லைற்றுகள் தன் வேலை இல்லையென்று ஆனதுகூடப் பெரிதாகப் படவில்லை. அந்தப் பேச்சு! அடைத்த தொண்டை!

"என்னைப் பேசவிட்டிட்டுக் கைதட்டினியேடா."

"நல்லாத்தான் பேசின மச்சான்."

"றிச்சர்ட்டுக்குப் பாடம் நடத்தினனான். வயர் உறங்குமாம்."

மங்கைக்குச் சிரிப்பு வந்து, முந்தானைக்குள் போனது. அவருக்கும் வந்தது. வந்த வழியில் வேறு ஏதோ குறுக்கிட்டது.

"இப்ப ரெண்டு பேரும் ஐஸ், சோறு எண்டு கதையாமல் சொல்லுங்கோ. இந்தக் காரில நான் பூட்டின வயர் எது மிச்சம்?"

மாமாங்கம் மங்கையைப் பார்த்தான். மங்கை இந்த முறை வாளியைப் பார்க்கவில்லை, சம்மதமாகத் தலையை ஆட்டினாள். அவன் ஸ்குரூட்றைவரைக் கீழே வைத்தான்.

"ஹோர்ன் மச்சான். அது மட்டுந்தான். அதாச்சும் உன்ட கையால இருக்கட்டுமெண்டு நாங்க தொடல்ல."