கழலாத சீட் பைப்

சைக்கிளின் ஹேண்டில்பாரில் தரை துடைக்கிற ஈரத்துணி தொங்குவதைப் பார்த்ததும்தான் அவனுக்கு மண்டைக்குள் சூடு ஏறியது.

மனைவி இறந்து பதினோரு மாதம் ஆகியிருந்தது. அவளுடைய கல்லூரிச் சான்றிதழ்களை வாங்கிப் போவதற்காக மாமியார் வீட்டுக்கு வந்திருந்தான். கை கழுவப் பின்பக்கம் போனவன் அங்கேயே நின்றுவிட்டான். துவைக்கிற கல்லுக்கும் சுவருக்கும் நடுவே, மாடியிலிருந்து மழைத்தண்ணீர் இறங்கும் குழாய்க்கு நேர் கீழே, அவளுடைய சைக்கிள் சாய்ந்து கிடந்தது. செயின் துருவேறி ஒரே கம்பியாக இறுகியிருந்தது. டயர் இரண்டும் வெடித்திருந்தன. சீட்டின் மேல் சோப்புப் பெட்டி.

நாற்பது வருடப் பழைய ரேஸ் சைக்கிள் அது. வளைந்த ஹேண்டில்பார், விரல் பருமன் டயர், ஒற்றைக் கையில் தூக்கிவிடலாம் என்கிற எடை. முதல் சம்பளத்தில் யாரிடமோ பழையதாக வாங்கினாள். "என்னைவிட மூத்தது. மரியாதையாப் பேசு" என்பாள்.

"யாருடா இதை இங்க போட்டது?" என்றான்.

மச்சினன் பிளம்பர். வீட்டு முன்னறை முழுக்கக் குழாயும் அவனுடைய கருவிகளுமாகத்தான் கிடக்கும். "உள்ள இடமில்லை அத்தான். பழைய இரும்பு எடுக்கறவர் அடுத்த வாரம் வரேன்னு சொல்லியிருக்கார்" என்றான், ஏதோ நல்ல சேதி சொல்வதுபோல.

அதற்கப்புறம் பேசியதில் பாதி அவனுக்கே நினைவில்லை. மாமியார் அவனுக்கு டீ எடுத்துக்கொண்டு படியிறங்கிய நேரத்தில் சொன்னது மட்டும் மறக்கவில்லை.

"ஒரு சைக்கிளைக் காப்பாத்தத் துப்பில்லை. பெத்த பொண்ணை எங்கேருந்து காப்பாத்தியிருக்கப் போறீங்க?"

அவன் மனைவி கடைசியாகப் படுத்தது இந்த வீட்டில்தான். நில அளவை வேலையாக அவன் பத்து நாள் வெளியூரில் இருந்தான். அவள் இந்த சைக்கிளிலேயே அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். காய்ச்சல் வந்தது. நாலாம் நாள் ஆஸ்பத்திரி, ஐந்தாம் நாள் எல்லாம் முடிந்துவிட்டது. முதல் மூன்று நாள் இவர்கள் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள் என்பதுதான் பதினோரு மாதமாக அவன் நெஞ்சில் கிடந்த குற்றச்சாட்டு. அந்த மூன்று நாளில் அவன் அவளோடு போனில் பேசியதும் உண்டு. யோசிக்கும்போது அந்த இடத்தை மட்டும் தாண்டிப் போய்விடுவான்.

மாமியார் டீயைத் துவைக்கிற கல்லின் மேல் வைத்தாள். உள்ளே போய்விட்டாள்.

அவன் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினான். சான்றிதழ்களை மறந்தே போனான்.

மூன்றாம் மாடியில் அவன் குடியிருந்த வீட்டில் சமையலறைதான் பெரியது. அவள் போனபிறகு அங்கே சமைப்பவர்கள் இல்லை. பழைய செய்தித்தாளை விரித்து சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தினான். திட்டம் எளிமையானது. புதுசு மாதிரி ஆக்க வேண்டும். ஏறி உட்கார்ந்து நேராக அந்த வீட்டு வாசலுக்கு ஓட்டிப்போய் நிறுத்த வேண்டும். அவர்கள் பார்க்க வேண்டும். பார்த்துக் கூசிப்போக வேண்டும்.

செலவுக்கு சிகரெட்டை நிறுத்தினான். அந்தக் காசுக்குள் எல்லாம் முடிய வேண்டும் என்று வைத்துக்கொண்டான். பஞ்சர்க் கடைக்காரர் அவன் நீட்டிய பட்டியலைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"சார், இதுக்கு ஆகற செலவுக்குக் கொஞ்சம் மேல போட்டா புது சைக்கிளே வந்துடும்."

"புது சைக்கிள் கேக்கலை. டயர் கேட்டேன்."

"கோவப்படாதீங்க. டயர் தரேன். கோவத்துக்குத்தான் நம்மகிட்ட ஸ்பேர் இல்லை."

அவன் சிரிக்கவில்லை. யாரோ கழற்றிப் போட்ட டயர் இரண்டு, டப்பாவின் அடியில் மிஞ்சிய கிரீஸ், பாதி தேய்ந்த பிரேக் கட்டைகள் என்று வாங்கி வந்தான். செயினைக் குக்கருக்குள் போட்டு வினிகர் ஊற்றி இரண்டு நாள் ஊறவைத்தான். சாப்பாடு பொட்டலம் கட்டி வந்த அலுமினியத் தாளைத் தண்ணீரில் நனைத்து ரிம்மைத் தேய்த்தான். துரு பழுப்புக் குழம்பாக வழிந்தது. ஒவ்வொரு துருப்புள்ளிக்கும் அந்த வீட்டை ஒரு திட்டு திட்டினான். அதனால்தானோ என்னவோ ரிம் பளபளத்தது. கோணிய சக்கரத்தை ஸ்போக் ஸ்போக்காக முறுக்கி நேராக்கினான். ஹேண்டில்பாருக்குத் தன் பழைய பருத்திச் சட்டையைக் கிழித்துச் சுற்றினான்.

எல்லாம் கழன்றது, எல்லாம் துலங்கியது. சீட் பைப் மட்டும் அசையவில்லை.

அவன் ஆறடிக்கு மேல். அவள் அவன் தோளுக்குக் கீழே. நாலு விரல் உயர்த்தினால்தான் அவன் முழங்கால் ஹேண்டில்பாரில் இடிக்காமல் ஓட்ட முடியும். சீட்டோ அவள் உயரத்திலேயே ஃபிரேமுக்குள் இறுகிக் கிடந்தது. எண்ணெய் விட்டான். கொதிக்கும் தண்ணீர் ஊற்றினான். சீட்டைத் திருகினான். சுத்தியலால் அடித்தான். கீழ்வீட்டுக்காரர் பதிலுக்குக் குச்சியால் கூரையில் இடித்தார். "உங்க வீட்டு மழைதான்டா, உங்க வீட்டு மழைதான்" என்று அவன் ஃபிரேமைப் பார்த்துக் கத்தினான். கீழ்வீட்டுக்காரர் தன்னைத்தான் சொல்கிறான் என்று நினைத்தோ என்னவோ இடிப்பதை நிறுத்திவிட்டார்.

ஐந்தாம் நாள் ஞாயிறு காலையில் மச்சினன் வந்தான். கையில் சான்றிதழ் உறை.

"அம்மா குடுத்துட்டு வரச் சொன்னாங்க."

"வச்சுட்டுப் போ."

அவன் போகவில்லை. சமையலறை வாசலில் நின்று சைக்கிளைப் பார்த்தான். "அடேங்கப்பா" என்றான். அப்புறம் சீட்டைப் பார்த்தான். "இது வரமாட்டேங்குதா?"

"எப்படி வரும்? பதினோரு மாசம் குழாய்க்குக் கீழ நிறுத்தி ஊறப்போட்டா எப்படிடா வரும்?"

மச்சினன் குந்தி உட்கார்ந்து பைப்பைச் சுற்றி நகத்தால் சுரண்டினான். வெள்ளைப் பொடி உதிர்ந்தது.

"இது எங்க வீட்டு மழை இல்லை அத்தான். ஃபிரேம் இரும்பு, பைப் அலுமினியம். ரெண்டையும் கிரீஸ் போடாம மாட்டினா ஒண்ணை ஒண்ணு கடிச்சுக்கும். தினம் குழாய்ல பாக்கறேனே. இப்படிக் கடிக்க வருஷக்கணக்காகும். பைப்பும் பழசு இல்லை, யாரோ பின்னாடி மாத்தியிருக்காங்க. யாரு மாட்டினது?"

"கடைக்காரன்" என்றான் அவன், யோசிக்காமல்.

"அவனைக் கட்டி வச்சு உதைக்கணும்."

மச்சினன் கீழே போய் வண்டியிலிருந்து கருவிப் பையை எடுத்து வந்தான். இவன் போகச் சொல்லவும் இல்லை, இருக்கச் சொல்லவும் இல்லை. பைப் ரெஞ்சு போட்டுத் திருகியதில் பைப்பின் தலை மட்டும் முறிந்து கையோடு வந்தது. மீதி ஒரு சாண் உள்ளே. வேறு வழி ஒன்றுதான். இரும்பு அறுக்கிற ஆக்ஸா பிளேடின் ஒரு முனையில் துணி சுற்றிப் பிடித்து, பைப்புக்குள் விட்டு, உள்ளிருந்து நீளவாக்கில் அறுக்க வேண்டும். அலுமினியம் தீர்ந்து இரும்பு தொடங்கும் இடத்தில் நிறுத்திவிட வேண்டும். கொஞ்சம் அதிகம் போனாலும் ஃபிரேமே போய்விடும்.

இருவரும் மாறிமாறி அறுத்தார்கள். மூன்று மணி நேரம். மச்சினன் இரும்பின் சத்தத்தைக் காதால் கண்டுபிடித்தான். "போதும்" என்றான். பைப்பை உள்பக்கமாக மடக்கிக் குறடால் பிடித்து இழுத்தான். அது கிறீச்சிட்டுக்கொண்டு வெளியே வந்தது. மச்சினன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அப்புறம் நீட்டினான்.

பைப்பின் கீழ்ப்பகுதியில், பாதி கிழிந்து, விலைச் சீட்டு ஒட்டியிருந்தது.

"எந்தக் கடைக்காரன் அத்தான் ஸ்டிக்கரைக்கூடப் பிய்க்காம மாட்டுவான்?"

அவன் அதைக் கையில் வாங்கவில்லை.

"நான்தான்" என்றான். அவள் பிறந்தநாளுக்கு எடை குறைவாக இருக்கட்டும் என்று அவன்தான் வாங்கி மாட்டினான். கிரீஸ் போட்டியா என்று அவள் கேட்டாள். போட்டாச்சு என்றான், லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமல்.

மச்சினன் பிளேடுகளைத் துணியில் சுற்ற ஆரம்பித்தான். அவன் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. அந்த அமைதியில் மற்றதும் வாயிலிருந்து விழுந்துவிட்டது.

"போன் பண்ணினா. ரெண்டாம் நாள். ஆஸ்பத்திரி எல்லாம் வேணாம், வெறும் காய்ச்சல், மாத்திரை போட்டுப் படு, நான் வந்து பாத்துக்கறேன்னு சொன்னேன்."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"அக்கா ஸ்பீக்கர்ல போட்டுத்தான் பேசினா. போனைப் பிடிக்கக் கையில தெம்பு இல்லை. அம்மா பக்கத்துலதான் இருந்தாங்க."

"அப்ப அன்னைக்கு நான் அவ்வளவு பேசினேனே. ஏன்டா யாரும் வாயைத் திறக்கலை?"

"உங்களுக்கு அது தாங்காதுன்னு அம்மா சொல்லியிருக்காங்க. எங்க எல்லாருக்கும் உத்தரவு."

அவன் பைப் துண்டைச் சுவரில் விட்டெறிந்தான். "யாரு கேட்டா இந்த இரக்கத்தை? நான் என்ன நோயாளியா?" மச்சினனையும் தள்ளிக்கொண்டு படியிறங்கினான். செருப்பு ஒன்று கழன்றது. அதை மாட்டிக்கொள்ளக்கூட நிற்கவில்லை. மச்சினன்தான் எடுத்து வந்தான்.

மாமியார் முன்னறையில் குழாய்களுக்கு நடுவே உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். "பேப்பர் எல்லாம் சரியா இருந்துதா மாப்பிள்ளை?" என்றாள்.

"நான் போன்ல சொன்னது உங்களுக்குக் கேட்டுதா?"

அவள் மகனை ஒரு பார்வை பார்த்தாள். "அதெல்லாம் இப்ப எதுக்கு?"

"கேட்டுதா, இல்லையா?"

"கேட்டுது."

"அப்ப ஏன் என்னை ஒரு வார்த்தை திட்டலை? அன்னைக்கு உங்க மூஞ்சிக்கு நேரா நான் அப்படிக் கேட்டப்பகூட? திட்டுங்க அத்தை. இப்ப திட்டுங்க."

அவள் ஊசியைச் சட்டையில் குத்தி வைத்தாள். எழுந்தாள்.

"ஓஹோ. நீங்க சொல்றப்ப வாயை மூடணும், நீங்க சொல்றப்ப திறக்கணும். அப்படித்தானே? திறக்கறேன். ஆஸ்பத்திரி வேணாம்னு சொல்ல நீ யாருடா? டாக்டரா? நிலம் அளக்கறவன்தானே? வண்டியைக் கூப்பிட்டு வாசல்ல நிறுத்திட்டேன்டா நான். செருப்பு மாட்டிட்டு நிக்கறேன். வண்டிக்காரன் ஹார்ன் மேல ஹார்ன் அடிக்கறான். 'அவர் வேணாம்னுட்டாரும்மா'ன்னு திரும்பிப் படுத்துட்டா. என் மக அவ. இடுப்புல தூக்கினவ நான், அன்னைக்கும் தூக்கிட்டு ஓடியிருக்கணும். மாப்பிள்ளை சொல்லிட்டாரேன்னு உன் பேச்சுக்கு மரியாதை குடுத்தேன் பாரு. அந்த மரியாதையைத்தான் பதினோரு மாசமா முழுங்க முடியாம வாயில வச்சுட்டு உக்காந்திருக்கேன். நீ வந்து துப்பு இருக்கான்னு கேக்கற. எனக்கா துப்பில்லை? அந்த சைக்கிளை வீட்டுக்குள்ள வச்சுட்டு தினம் அது மூஞ்சியில முழிக்கச் சொல்றியா என்னை?"

தெருவில் போன இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். மச்சினன் கதவைச் சாத்தப் போனான்.

"திறந்தே கிடக்கட்டும்" என்று அவனுக்கும் ஒரு அதட்டல் விழுந்தது. அந்த வேகத்தில் அவளுக்கு மூச்சு வாங்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

இவன் பக்கத்தில் கிடந்த முக்காலியை இழுத்தான்.

"உக்காராதே" என்றாள். "நான் இன்னும் முடிக்கலை."