நமத்த பண்டல்

அன்று தீப்பெட்டி ஆபீஸ் அறையில் இருந்தவர்கள்: முதலாளி சண்முகராஜ் அண்ணாச்சி. முகாம் நடத்திய டாக்டர் சுதாராணி. அங்கே வேலை பார்க்கும் என் அக்கா தங்கமாரி. அவள் மகள் பாண்டிச்செல்வி, மூன்றாம் வகுப்பு. அப்புறம் நான், மில்லில் நைட் ஷிப்டை விட்டுவிட்டு அண்ணாச்சியின் முகாமுக்கு ஆட்டோவில் மைக் பிடித்தவன்.

இடைசெவல், பசுவந்தனை என்று ஊர் ஊராகக் கத்தினேன். பிள்ளைகளுக்கு இலவச ரத்தப் பரிசோதனை. சின்ன வயதிலேயே வருகிற, இன்சுலின் ஊசி இல்லாமல் பிழைக்க முடியாத சர்க்கரை நோய் வருமா என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளலாம். இருந்தால் அண்ணாச்சி பார்த்துக்கொள்வார். கடைசி வரியை எனக்குச் சொல்லிக்கொடுத்தது அவரேதான். நம்பித்தான் சொன்னேன். நம்பித்தான் என் மருமகளையும் வரிசையில் நிறுத்தினேன்.

அத்தனை பிள்ளைகளிலும் அவள் ஒருத்திக்குத்தான் இருந்தது. நோய் இன்னும் வரவில்லை. வரப்போகிற அடையாளம் ரத்தத்தில் இருக்கிறது. சில மாதங்களுக்கு ஒருமுறை சோதித்துவந்தால், வந்த உடனே ஊசி தொடங்கலாம். விட்டால், என்றாவது வாந்தியெடுத்து, மூச்சிரைத்து, நினைவு தப்பிய பிறகுதான் தெரியவரும்.

"அந்தச் சோதனைய யாரு செய்வா அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"நம்ம டிரஸ்ட்ல முகாமுக்குத்தாம்லே துட்டு. ஒரு புள்ளைக்கு வருசக்கணக்கா செலவழிக்கதுல இன்னும் நாலு ஊரு பாத்திரலாம். நம்ம தொழில்ல என்ன செய்யுதோம்? பண்டலுக்கு ரெண்டு குச்சி உரசிப் பாக்கோம். நமத்த பண்டல ஒதுக்கிட்டு மிச்சத்த லாரியில ஏத்துதோம். நமத்தத உக்காந்து காயவச்சா கம்பெனி நடக்குமா?"

பாண்டிச்செல்வி அவர் மேசையிலிருந்த தீப்பெட்டி லேபிள்களை நிறம் நிறமாகப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"டாக்டரம்மா, நீங்கதான சொன்னீய? தேடுததுக்குத்தான் பெருஞ்செலவு, கண்டுபிடிச்ச புள்ளையப் பாத்துக்கிடுததுக்குக் கொஞ்சந்தான், பாக்காம விட்டா தேடுன துட்டும் வீணுன்னு?" என்று அவர் பக்கம் திரும்பினேன்.

"சொன்னேன்," என்றார் டாக்டர். "கணக்கு அதுதான்." சொல்லிவிட்டு அண்ணாச்சியைப் பார்த்துக்கொண்டார். அடுத்த முகாமும் அண்ணாச்சி செலவில்தான்.

"மில்லுல ராத்திரி முழிக்கத் துப்பில்லாதவன் எனக்குக் கணக்கு சொல்லுதான்," என்று சிரித்துவிட்டு அண்ணாச்சி அக்கா பக்கம் திரும்பினார். "எட்டயபுரம் முகாமுக்குச் சென்னையில இருந்து பெரிய ஆளுவ வாராவ. புள்ளையக் கூட்டிட்டு மேடையில வந்து நில்லு தங்கமாரி. எங்களாலதான் தெரிஞ்சுதுன்னு சொல்லு. அவிய துட்டு தந்தா பாப்போம்."

"பாப்போமா?" நான் எழுந்துவிட்டேன். "அன்னைக்கு பாத்துக்கிடுதோம்னீரு, இன்னைக்கு பாப்போமா? அக்கா, எந்திரி. இவரு விளம்பரத்துக்கா புள்ள பெத்த?"

அக்கா எழவில்லை.

"நான் நிக்கேன் அண்ணாச்சி," என்றாள். "ஆனா சோதனைய இந்த மாசமே ஆரம்பிக்கணும். மேடைக்கு முன்னாடியே."

அண்ணாச்சி யோசித்தார். "சரி. இவன் அங்கன வந்து சலம்புவானே?"

"வரமாட்டான்."

"அக்கா..."

"ஏலே, உன் ரோசத்த வச்சு எம்புள்ளைக்கு ஊசி வாங்க முடியுமா? இவரு பாத்துக்கிடுவாருன்னு ஊரெல்லாம் கூப்பிட்டவன் நீதான? நீ இருந்தா காரியம் கெட்டுரும். வெளிய போ."

என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னாள். டாக்டரும் பார்க்கவில்லை. பாண்டிச்செல்வி மட்டும் ஒரு சிவப்பு லேபிளை எடுத்து என்னிடம் நீட்டினாள். வாங்கிக்கொள்ளாமல் நடந்தேன்.

வாசலைத் தாண்டித் திரும்பிப் பார்த்தபோது கதவு மூடிக்கொண்டிருந்தது. எழுந்துவந்து தாழ்ப்பாள் போட்டவள் அக்கா.