விரதம் ஏற்றிய இரண்டு கிலோ

குஜராத்தின் கிர்நார் மலையடிவாரத்தில் டோலிக்காரர்கள் ஆளை எடை போட்ட பிறகுதான் தூக்குவார்கள். ஒரு வருஷம் மாசியில் ரசீலாபென் அந்தத் தராசில் ஏறி உட்கார்ந்தாள். எண்பத்தாறு கிலோ. தூக்க வந்த இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, இன்னும் இரண்டு பேரைக் கூப்பிடப் போனார்கள். வந்தவர்களில் ஒருவர் அவளைவிடக் கிழவர். அறுபத்தோரு வயதில் அவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. இறங்கிவிட்டாள். கணவர் ஜெயந்திபாய் மட்டும் ஐயாயிரம் படி ஏறி மேலே அம்பாஜி அம்மனைக் கும்பிட்டுவிட்டு வந்தார். ரோப்கார் வராத காலம் அது.

"அடுத்த வருஷம் நானே நடந்து ஏறுவேன்," என்றாள், ராஜ்கோட் திரும்பும் பஸ்ஸில்.

"முதல்ல இந்த பஸ்லேருந்து இறங்கு, பார்க்கலாம்," என்றார் ஓமக்குச்சி மாதிரி இருக்கும் ஜெயந்திபாய்.

எடை குறைக்க அவளுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான், விரதம். கணவரின் ஆயுளுக்காகத் திங்கட்கிழமையும் ஏகாதசியும் கல்யாணமான நாளிலிருந்து இருந்து வருகிறாள். அதோடு வியாழனையும் சனியையும் சேர்த்துக்கொண்டாள். மூன்று மாதம் ஒரு நாள் தவறவில்லை. பிறகு முட்டி வலிக்காக டாக்டர் பூர்வியிடம் போனபோது எடை எண்பத்தெட்டு.

"விரதத்தன்னிக்கு என்ன ஆன்ட்டி சாப்பிடுவீங்க?"

"ஒண்ணுமே இல்லம்மா. ஒரு தானியம் நாக்குல படாது."

"தானியம் சரி. வேற?"

"ஜவ்வரிசிக் கிச்சடி, வேர்க்கடலை தூக்கலாப் போட்டு. உருளைக்கிழங்கு வறுவல். சாயங்காலம் ராஜ்கிரா கீரைவிதை மாவுல பூரி. தொட்டுக்கத் தித்திப்புத் தயிர் ஸ்ரீகண்ட்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள். அவள் வீட்டு ஏகாதசியும் அப்படித்தான், அதனால் முழுசாகச் சிரிக்கவும் முடியவில்லை.

"ஆன்ட்டி, நீங்க விரதத்தன்னிக்குத்தான் விருந்து சாப்பிடறீங்க. அதுக்காகப் பட்டினியும் கிடக்காதீங்க. வயசாக ஆக அதுல சதைதான் கரையும், முட்டிக்குத் தெம்பு இருக்காது. தினம் பயறு, மோர், காய். படி ஏறி இறங்குங்க. விரதத்தை விட்டுடுங்க."

தின்பதை விடச் சொல்லியிருந்தால் உடனே விட்டிருப்பாள். விரதத்தை எப்படி விடுவது? தான் மலையேறுவதற்காக அவர் ஆயுளில் கை வைப்பதா? நாலு நாள் சாமி அலமாரி முன்னால் நின்று தனக்குத்தானே வாதாடினாள். அடுத்த ஏகாதசியன்று கம்பு ரொட்டி தட்டி, பச்சைப்பயறு வேகவைத்துத் தட்டில் வைத்தாள்.

"இன்னிக்கு ஏகாதசி," என்றார் ஜெயந்திபாய்.

"தெரியும்."

"நாப்பது வருஷம் எனக்காக இருந்த விரதம்."

"நாப்பது வருஷத்துப் புண்ணியம் உங்களுக்குப் பத்தாதா? சாப்பிடுங்க."

அவருக்கு ரொட்டி இறங்கவில்லை. ஆயுள் பயமா, கிச்சடி போன துக்கமா, அவருக்கே தெரியவில்லை.

ராஜ்கோட்டில் மத்தியானம் ஒன்றிலிருந்து நாலு வரை ஊரே தூங்கும். அதுதான் ரசீலாபென்னின் நேரம். நாலு மாடிக் கட்டடத்தின் படிகளைக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறி இறங்கினாள். முதல் வாரம் இரண்டு தடவை. மூன்றாம் மாதம் பன்னிரண்டு. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தாள். இரண்டாம் மாடி முக்தாபென் ஜன்னல் வழியே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

ஐப்பசியில் ஜெயந்திபாய்க்குக் காய்ச்சல் வந்தது. நூற்று மூன்று. நலம் விசாரிக்க வந்த முக்தாபென் கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்து சொன்னாள்.

"ஏகாதசியில ரொட்டி தின்னா வேற என்ன ஆகும், ரசீலா? சின்னப் பொண்ணுங்க மாதிரி இடுப்புக்கு ஆசைப்பட்டே."

முக்தாபென் போனதும் ரசீலாபென் விரதத்துக்கு ஜவ்வரிசியை எடுத்து ஊறப்போட்டாள். ஈரத்தில் முத்துக்கள் உப்புவதையே பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளே அவர் இருமினார். பயமாக இருந்தது, நிஜமாகவே பயமாக இருந்தது. அப்புறம் அந்தப் பாத்திரத்தை அப்படியே கொண்டுபோய்க் கீழே புறாக்களுக்குக் கொட்டினாள். அவருக்குப் பயற்றுக் கஞ்சியும் மாத்திரையும் கொடுத்துத் தூங்கவைத்தாள். படிக்கட்டுக்குப் போய் அழுதுகொண்டே பன்னிரண்டு தடவை ஏறினாள். முக்தாபென் ஜன்னலைக் கடக்கும்போது முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், ஆனால் நிற்கவில்லை.

ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. முக்தாபென் அதற்கு வேறு காரணம் கண்டுபிடித்திருப்பாள்.

மாசி வந்தபோது எடை எழுபத்தேழு. டாக்டர் சொன்ன கணக்குக்கு இன்னும் ஐந்து கிலோ பாக்கி. அது இறங்கட்டும் என்று ரசீலாபென் காத்திருக்கவில்லை. அதிகாலையில் ஏறத் தொடங்கினார்கள். ஆயிரமாவது படியில் முட்டி பேசியது. இரண்டாயிரத்தில் கத்தியது. மூவாயிரத்தில், "போதும், இங்கேருந்தே கும்பிட்டுக்கலாம்," என்றார் ஜெயந்திபாய்.

"நீங்க உட்காருங்க. வரும்போது கூட்டிட்டுப் போறேன்."

அவர் முனகிக்கொண்டே பின்னால் வந்தார்.

சன்னதிக்கு வந்து சேர்ந்தபோது மணி பதினொன்று. தூணைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். வழக்கமான வேண்டுதல் தானாக நாக்குக்கு வந்தது. அதைச் சொல்லாமல் நிறுத்திவிட்டு வேறொன்றைச் சொன்னாள்.

"என்ன வேண்டினே?" என்றார் ஜெயந்திபாய்.

"என் முட்டி ரெண்டும் இன்னும் இருபது வருஷம் உழைக்கணும்னு."

ஜெயந்திபாய் காத்திருந்தார். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்கு?"

"இவ்வளவு தூரம் ஏறி வந்திருக்கீங்களே," என்றாள். "நீங்களே கேளுங்க."

அவர் செருமிக்கொண்டு, தனக்கென்று கேட்டுப் பழக்கமில்லாதவர்போலக் கையைக் கூப்பினார்.