கோது தள்ளாத துவக்கு

நல்லரத்தினம் போடியார் தன் பழைய இரட்டைக்குழல் துவக்கை என் பட்டறை மேசையில் வைத்தார். போன மாதம் அவருடைய வயல் வட்டைக்குக் காவலிருந்த விஜிதரனை யானை மிதித்துக் கொன்றபோது அவன் கையில் இருந்தது இதுதான். சுட்ட தோட்டாவின் வெறுங்கோது இரண்டு குழலிலும் இறுகிவிட்டதால் அவனால் மறு தோட்டா போட முடியவில்லை.

திறந்து பார்த்தேன். கோதை வெளியே தள்ளும் ஸ்பிரிங்குகள் ஒடிந்திருந்தன. ஒடிந்த இடத்தில் பழைய துரு.

"இது எப்ப ஒடிஞ்சது, போடியார்?"

"ரெண்டு வருசமாகுது, றுஸ்தி."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அப்பவே கொண்டு வந்திருக்கலாமே! அரை நாள் வேலதானே!"

அவர் சால்வையால் குழலைத் துடைத்தார்.

"அப்ப காவலுக்கு அவன் இருந்தான். இனி என்ட மகன்தானே போகவேணும்."