வாசலில் நின்றுபோகும் ஸ்கூட்டர்

முப்பத்தைந்து வருஷம் ஆலையில் வயர்மேனாகக் குப்பை கொட்டியவர் வீட்டிலேயே ஒரு பேட்டரி ஸ்கூட்டர் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை என்றால், அதைவிட மானக்கேடு உண்டா? இடுப்பெலும்பு முறிந்த மனைவி வெளியே போய்வர வாங்கிய சின்ன மூன்று சக்கர வண்டி அது. ஒரு நாள் கேட்டைத் தாண்டியதும் பொசுக்கென்று நின்றது. அப்புறம் வாரத்துக்கு இரண்டு நாள் அதே இடத்தில் நிற்க ஆரம்பித்தது. மற்ற நாட்களில் சமர்த்தாக நூலகம்வரை போய்த் திரும்பும்.

வயர்மேன் சும்மா விடவில்லை. பேட்டரியை மீட்டர் வைத்துப் பார்த்தார், முழு சார்ஜ். ஃப்யூஸிலும் கோளாறு இல்லை. முனைகளைச் சுரண்டி இறுக்கினார். கூடத்தில் நேராக முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தார், ஜம்மென்று ஓடியது. "நீதான் எதையாவது அழுத்தியிருப்பே," என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

அவள் வண்டி விற்ற கடைக்குப் போன் செய்தாள். வந்தான் மெக்கானிக். நாற்பது வயது, சுருட்டை முடி, வாய் நிறையச் சிரிப்பு. கைப்பிடியைப் பிடித்து வண்டியை நேராக்கிச் சாவியைத் திருகினான், கிளம்பிவிட்டது! இப்படி மூன்று தடவை.

"அந்தத் தம்பி கை வெச்சாலே போதும்ங்க," என்றாள் மனைவி.

வயர்மேனுக்கு வயிறு எரிந்தது. அவளை அக்கா என்கிறவன் முறைப்படி இவரை மாமா என்றல்லவா கூப்பிட வேண்டும்? சார் என்கிறான். அவன் வரட்டும் என்றுதான் வண்டியே நிற்கிறதோ என்றுகூட நினைத்தார். அவள் கிளம்பும்போது கேட்டுக்கு இடப்பக்கத்து ஜன்னலில் நின்று வழியனுப்புகிறவர், முன்பும் சில நாள் மறந்துவிடுவார்; இப்போது அந்தப் பொறாமையில் பாதி நாள் அதையும் விட்டுவிட்டார்.

நான்காவது தடவை வந்தவன் வண்டியைத் தொடவே இல்லை. அவள் எதிரில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தான். சமையலறையில் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் காதைத் தீட்டிக்கொண்டார்.

"அக்கா, வண்டி நிக்கிறப்போ நீங்க என்ன பண்ணிட்டிருப்பீங்க? நிதானமா சொல்லுங்க."

இதெல்லாம் ஒரு கேள்வியா என்று வயர்மேன் முகம் சுளித்தார். அப்புறம்தான் உறைத்தது, தான் ஒரு தடவைகூட அவளிடம் அதைக் கேட்கவில்லை என்று.

"கேட்டைத் தாண்டினதும் ஜன்னலைப் பாப்பேன் தம்பி. அவர் நின்னா கையாட்டிட்டுப் போயிடுவேன். இல்லாத அன்னைக்கு, உள்ள எங்கேயாவது நிக்கிறாரான்னு நல்லா திரும்பித் தேடுவேன். கைப்பிடியும் கூடவே திரும்பிடும்."

மெக்கானிக் எழுந்துபோய்ச் சாவியைத் திருகி, வண்டி விளக்கு எரிந்ததும் கைப்பிடியை இடப்பக்கம் கடைசிவரை திருப்பினான். விளக்கு அணைந்தது. நேராக்கிச் சாவியை மறுபடி திருகினான், எரிந்தது. கைப்பிடிக்குக் கீழே மூடியைக் கழற்றினால், ஒரு வயர் இழுபட்டு இழுபட்டு உள்ளேயே அறுந்து, ஒட்டியும் ஒட்டாமலும் கிடந்தது.

"இதை மாத்தி, கொஞ்சம் நீளமாவே விட்டுடுறேங்க்கா. இனிமே எவ்வளவு வேணும்னாலும் திரும்பிப் பாருங்க."

டீயோடு கதவோரம் நின்ற வயர்மேனை வெட்கம் பிடுங்கித் தின்றது. அவனைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலவும் இருந்தது, கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளலாம் போலவும் இருந்தது. இத்தனை வருஷத்தில் தன்னிடம் சொல்லாததை அவனிடம் போய்ச் சொல்லிவிட்டாளே!