கோகனிக்குத் தூண்டில் வாங்கப் போனேன்

என் வீட்டுக்காரர் ஆர்வில் ஒரே ஒரு தடவை ஏரிக்கு வருவதாக ஒத்துக்கொண்டார். சனிக்கிழமை காலை. அன்றைக்குச் சரிப்பட்டு வரவில்லை என்றால், திங்கட்கிழமை படகை விலைக்குக் கேட்டு வருகிற பக்கத்து ஊர் லூயிஸ்டன்காரனிடம் சாவியைக் கொடுத்துவிடுவதாகவும் சொல்லிவிட்டார். அதைக்கூடச் சத்தம் போட்டுச் சொல்லவில்லை. "உனக்கு ஆட்சேபணை இல்லேன்னா, மார்வா" என்றார். காலமெல்லாம் மரலாரி ஓட்டிய மனுஷன் பெண்டாட்டியிடம் ஆட்சேபணை உண்டா என்று கேட்கிறார்!

பனிக்காலத்தில் வந்த பக்கவாதம் அவரை விட்டுப் போகும்போது வலது கையின் பலத்தையும் கூடவே எடுத்துக்கொண்டு போய்விட்டது. நடை சரியாகிவிட்டது, பேச்சு சரியாகிவிட்டது. கையும் அசையும், விரல்கள் மடங்கும், ஆனால் ஒரு பால் டப்பாவைத் தூக்க முடியாது. ஆள் பார்க்கிற இடத்தில் அதைக் கோட்டுப் பைக்குள் ஒளித்துக்கொள்வார். கை போனால் போகட்டும். அவருடைய கோபம் போய்விட்டதுதான் எனக்குத் தாங்கவில்லை. எதற்கெடுத்தாலும் நன்றி, எதற்கெடுத்தாலும் மன்னிப்பு. ஒருநாள் வேண்டுமென்றே காபியில் உப்பைப் போட்டுக் கொடுத்துப் பார்த்தேன். குடித்துவிட்டு "நல்லா இருக்கு, நன்றி" என்றார். நான் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். என் வீட்டில் யாரோ ஒரு விருந்தாளி தங்கியிருக்கிறார், என் புருஷனைக் காணோம்.

எங்கள் ஊர் ஒரோஃபினோவில் ஆம்பிளை என்று பேர் வாங்க வேண்டுமானால் ஆற்றில் ஸ்டீல்ஹெட் மீன் பிடிக்க வேண்டும். கை நீளத்துக்கு இருக்கும், மாட்டினால் தோளைக் கழற்றிவிடும். அணைக்கு மேலே ஏரியில் கோகனி என்று ஒரு மீன் இருக்கிறது. பளபளவென்று, ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதல். தூண்டிலைப் படகின் விளிம்பில் செருகிவிட்டு, மெதுவாக மோட்டாரை ஓட்டிக்கொண்டே போனால், அதுவாக வந்து கடிக்கும் என்று சொல்வார்கள். "அதைப் புடிக்கிறதுக்குப் பதிலா மளிகைக் கடையில ஒரு மீன் டப்பா வாங்கிக்கலாம்" என்று ஆர்வில் ஒரு காலத்தில் கிண்டல் பண்ணுவார். ஒற்றைக் கைக்கு அதுதான் தோது என்று நான்தான் பேசிப் பேசிக் கரைத்தேன்.

ஆனால் எனக்கு என்ன தெரியும் மீனைப் பற்றி? டிரெய்லரைப் பின்னுக்குத் தள்ளிப் படகைத் தண்ணீரில் இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவேன். கல்யாணமான நாளிலிருந்து என் வேலை அவ்வளவுதான்.

தூண்டில் கடையை லோவலும் அவன் பெண்டாட்டி ட்ரூடியும் நடத்துகிறார்கள். உள்ளே நுழைந்து "முதல் தடவையா கோகனிக்குப் போறோம், என்னென்ன வேணும்?" என்று கேட்டேன். கேட்டது தப்பு.

"முள்ளு ரோஸ் கலர்ல வேணும்" என்றாள் ட்ரூடி.

"ஆரஞ்சு" என்றான் லோவல்.

"மே மாசத்துல எவனாவது ஆரஞ்சு போடுவானா? உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?"

"போன வாரம் கூடை நிறைய கொண்டாந்தேனே, அது ரோஸுக்கா வந்துச்சு?"

"கூடையாம்! மூணு மீனு. அதுல ஒண்ணு தானாவே செத்து மிதந்தது."

நான் நடுவில் நின்று இவள் முகத்தையும் அவன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். கழுத்து வலித்ததுதான் மிச்சம். கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. எங்கள் வீட்டிலும் இப்படித்தான் தினமும் நடந்துகொண்டிருந்தது.

லோவல் ஒரு தகட்டை எடுத்து என் கையில் வைத்தான். கண்ணாடி மாதிரி மின்னியது, இரண்டு பக்கமும் லேசாக வளைந்திருந்தது. "இது முக்கியம். இது இல்லாம கோகனி திரும்பிக்கூடப் பாக்காது" என்றான். திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தூண்டில் முள்ளையே காணோம்.

"ஏம்ப்பா, இதுல மீன் எங்கே மாட்டும்?"

"இதுல மாட்டாதும்மா. இது சும்மா ஆடும்."

"சும்மா ஆடுறதுக்கு நான் எதுக்கு வாங்கணும்?"

"இது ஆடுறதைப் பாத்து அதுக்குக் கோவம் வரும். கோவத்துல வந்து பின்னாடி இருக்குற முள்ளைக் கடிக்கும். கோகனி பசிக்குக் கடிக்கிற ஜாதி இல்ல, எரிச்சல்ல கடிக்கிற ஜாதி."

அந்த மீன்மேல் எனக்கு அப்போதே ஒரு பிரியம் வந்துவிட்டது. ஆனால் அடுத்ததாக ட்ரூடி ஒரு டப்பா வெள்ளைச் சோளத்தைக் கொண்டுவந்து வைத்தாள். பூண்டுச் சாற்றில் ஊறப்போட்டு, முள்ளுக்கு ஒரு மணி குத்த வேண்டுமாம்.

"அப்ப சோளம் சாப்பிடுமா?"

"சாப்பிடாது. கண்ணுக்குத் தெரியாத பூச்சியைத்தான் திங்கும்."

"பசிக்கும் கடிக்காது, சோளமும் திங்காது. அப்புறம் எதுக்குடி சோளம்?"

புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "அது யாருக்கும் தெரியாது" என்று முதல் தடவையாக இருவரும் சேர்ந்தாற்போலச் சொன்னார்கள். "ஆனா சோளம் இல்லாம போயிடாதீங்க."

தலை கிறுகிறுத்தது. தகட்டுக்கும் முள்ளுக்கும் நடுவே தூண்டில் நரம்பு ஒரு சாண் என்றாள் அவள், இரண்டு சாண் என்றான் அவன். வெயில் என்றால் வெள்ளித் தகடு, மேகம் என்றால் பித்தளைத் தகடு. அரை மேகமாக இருந்தால் என்ன செய்வது என்று கேட்டேன், அதற்கும் சண்டை போட்டுக்கொண்டார்கள். அவர்கள் ஒத்துப்போன இன்னொரு விஷயம் தூண்டில் கோல்தான்.

"ஆர்விலோட கோல் எதையும் எடுத்துட்டுப் போயிடாதீங்க" என்றான் லோவல். "அதெல்லாம் மரத்தை வேரோட புடுங்குற கோல். கோகனிக்கு வாய் ஈரக் காகிதம் மாதிரி. கொஞ்சம் வெடுக்குன்னு இழுத்தா உதடு கிழிஞ்சு மீன் போயிடும்." அவன் நீட்டிய கோலை வாங்கி ஆட்டிப் பார்த்தேன். வேகவைத்த நூடுல்ஸ் போலத் துவண்டது. பிள்ளைகள் விளையாட்டுச் சாமானை என் தலையில் கட்டப் பார்க்கிறான் என்றுதான் நினைத்தேன். ட்ரூடியும் தலையாட்டியதால் வாங்கினேன். இரண்டு நிறத்திலும், இரண்டு தகட்டிலும் ஒவ்வொன்று அள்ளிப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். ஒன்றுமே புரியவில்லை.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டு மேசைமேல் எல்லாவற்றையும் பரப்பிக் கட்ட உட்கார்ந்தேன். வீடெல்லாம் பூண்டு நாற்றம். ஆர்வில் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் நரம்பில் முதலில் முள்ளைக் கட்டினேன், அதற்குப் பின்னால் வாலில் தொங்குகிற மாதிரி தகட்டைக் கட்டினேன். முடிச்சு விழாமல் அரை மணி நேரம் மல்லுக்கட்டினேன். "எப்படி இருக்கு?" என்று தூக்கிக் காட்டினேன்.

"அருமையா இருக்கு. இவ்வளவு சிரமப்பட்டதுக்கு நன்றி."

அப்புறம்தான் தகடு வந்த உறையின் படம் கண்ணில் பட்டது. தகடு முன்னால், முள் பின்னால். நான் எல்லாவற்றையும் தலைகீழாகக் கட்டியிருக்கிறேன்! நரம்பில் எது முன்னே, எது பின்னே என்று தெரியாதவரா இவர்? தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்லுவார்.

"யோவ், தப்பாக் கட்டுறேன்னு உனக்குத் தெரியும்தானே?"

அவர் இடது கையால் அந்த உறையைக் கவிழ்த்து வைத்தார்.

"ஏன்யா சொல்லல?"

"நீ இவ்வளவு பாடுபட்டுக் கட்டுற. மனசு நோகுமேன்னு..."

"நோகட்டும்யா! என் மனசு நோகக்கூடாதுன்னு உனக்கு எப்பத்திலேருந்து வந்துச்சு இந்த அக்கறை?" என்று கத்தினேன். "மன்னிச்சுக்கோ, மார்வா" என்று எழுந்து போய்விட்டார். அந்தப் பாழாய்ப்போன தகட்டைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாம் போல இருந்தது. அடிக்கவில்லை. அவிழ்த்துத் திருப்பிக் கட்டினேன்.

சனிக்கிழமை அரை மேகம். எதிர்பார்த்ததுதான்.

ஏரியில் மலையடிவாரம்வரை தண்ணீர் அசையாமல் கிடந்தது. நான் மோட்டாரைப் பிடித்துக்கொண்டேன். தகட்டைப் படகின் ஓரமாகத் தண்ணீரில் விட்டு, நாய் வாலாட்டுவது மாதிரி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆடுகிறதா என்று பார்க்க வேண்டும், சுற்றினால் வேகம் அதிகம் என்று ட்ரூடி சொல்லியிருந்தாள். என் தகடு ஆடவும் செய்தது, சுற்றவும் செய்தது, சில சமயம் செத்த மாதிரி படுத்தும் கொண்டது. வெள்ளியா பித்தளையா? ரோஸா ஆரஞ்சா? கடைசியில் பித்தளைக்குப் பின்னால் ரோஸைப் போட்டேன். ஏன் என்று கேட்டால் எனக்கே தெரியாது.

ஆர்வில் முன்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார், வலது கை கோட்டுப் பைக்குள். யாருமே இல்லாத ஏரியில் யாரிடமிருந்து ஒளிக்கிறார்?

கோல் நுனி படபடவென்று அடித்துக்கொண்டது. "யோவ், மீனு!" என்றேன். அவர் இடது கையால் கோலைப் பிடுங்கி, ஸ்டீல்ஹெட்டுக்கு இழுக்கிற இழுப்பு ஒன்று இழுத்தார் பாருங்கள், படகே ஆடியது. நரம்பு தொய்ந்துவிட்டது. சுற்றி எடுத்துப் பார்த்தால், முள்ளில் நகத்துணுக்கு அளவுக்கு ஒரு உதடு.

"மன்னிச்சுக்கோ" என்றார்.

புதுச் சோளம் குத்தினேன். இன்னொன்று கடித்தது. அதே இழுப்பு, அதே உதடு. அந்த இடது கைக்கு மெதுவாக என்றால் என்னவென்றே தெரியாது. வலது கையின் வேலையையும் சேர்த்துச் செய்து செய்து இரும்பாகிக் கிடந்தது.

"போதும் மார்வா. வீட்டுக்குப் போயிடலாம். நீ நல்லாத்தான் ஏற்பாடு பண்ணின. நன்றி."

எனக்குப் பயம் வந்துவிட்டது. இப்போது கரைக்குத் திரும்பினால் திங்கட்கிழமை படகு போய்விடும். அப்புறம் இந்த மனுஷன் சன்னலோரம் உட்கார்ந்து நன்றி சொல்லியே செத்துப்போவார். கொஞ்சம் புத்தி இருந்திருந்தால் பதமாகப் பேசியிருப்பேன்.

"அந்தக் கையை வெளிய எடு" என்றேன்.

"எந்தக் கை?"

"உனக்கு எத்தனை கை இருக்கு? பையில வெச்சு அடைகாக்குறியே, அது."

"அது செத்த கை, மார்வா."

"செத்த கைதான் வேணும்! வெடுக்குன்னு இழுக்கத் தெரியாத கைதான் இந்த மீனுக்கு வேணும்னு கடையில அவ்வளவு தூரம் சொன்னாங்க. உன் நல்ல கையைத் தூக்கித் தண்ணியில போடு. அதால ரீலை மட்டும் சுத்து."

அவர் முகம் சிவந்தது. பிறகு கையை மெதுவாக வெளியே எடுத்து மடியில் வைத்தார். வெளுத்து, மெலிந்து போயிருந்தது. நானே அதை வெளிச்சத்தில் பார்த்துப் பல வாரங்கள் ஆகியிருந்தன. கோலைத் தொடையில் சாய்த்து அந்த விரல்களுக்குள் வைத்தேன். விரல்கள் மூடிக்கொண்டன.

அப்படியே ஏரியை ஒரு சுற்று சுற்றினோம். திடீரென்று கோல் வளைந்தது. வலது கை இழுக்கப் பார்த்தது, அதனால் முடியவில்லை. கோல் மீன் போன போக்குக்கு வளைந்து கொடுத்தது, கையும் கோல் போன போக்குக்குப் போனது. இடது கை ரீலைச் சுற்றியது. நரம்பு தொய்யவே இல்லை. படகுக்குப் பின்னால் வெள்ளியாக ஒன்று துள்ளி விழுந்தது.

"வருது மார்வா" என்றார் மெல்லிய குரலில். "வருதுடி."

நான் மோட்டாரை அணைத்துவிட்டுக் கைவலையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். மீன் பக்கத்திலேயே வந்துவிட்டது. வலையை வால் பக்கமாகப் போட்டு அள்ளினேன். வலையின் வளையம் நரம்பில் பட்டது. மீன் ஒரு சிலுப்பு சிலுப்பியது. முள் தனியாகத் தொங்கியது, சோளத்தோடு.

தண்ணீரில் வட்டம் வட்டமாக அலை மட்டும் விரிந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. அவர் "பரவாயில்லை, நன்றி" என்று சொல்லப்போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"அடி அறிவுகெட்டவளே!"

கண்ணைத் திறந்தேன்.

"மீனை வால் பக்கமாவா அள்ளுவாங்க? தலைக்கு முன்னாடி வலையைப் போட்டா அதுவா உள்ள வந்து விழும்டி! உலகத்துல எந்தப் பொம்பளையாவது இப்படி வலை போடுவாளா? வாய்க்கு வந்துச்சுடி மீனு, வாய்க்கு வந்துச்சு! தட்டி விட்டுட்டியே! அது வலையா இல்ல தொடப்பக்கட்டையா?"

மலையில் பட்டு அவர் சத்தம் எங்களுக்கே திரும்பி வந்தது. நான் வலையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது, என்னால் நிறுத்த முடியவில்லை.

"எதுக்குடி அழுற? தப்பு பண்ணிட்டு அழுகை வேற!"

"இன்னும் திட்டுய்யா" என்றேன்.

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தார். கோல் இன்னும் அந்த வலது கையில்தான் இருந்தது.

"திங்கக்கிழமை அந்த லூயிஸ்டன்காரன் வந்தான்னா, படகு இல்லைன்னு சொல்லிடு" என்றார். "உனக்கு வலை புடிக்கக் கத்துக்குடுக்கவே இந்த வருஷம் பூரா பத்தாது. என்ன பாத்துக்கிட்டு உக்காந்திருக்க? சோளத்தைக் குத்து!"

"நீ குத்துய்யா, உனக்கென்ன கையா இல்ல?" என்று டப்பாவை அவர் பக்கம் தள்ளிவிட்டு மோட்டாரைக் கிளப்பினேன்.