எந்தத் தோட்டம் என்று கேட்டாள் சரளா

தினேஸ்வரிக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வரும் என்பதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. மலேசியாவின் ஈப்போவில் ஒரு டியூஷன் சென்டரில் ஆறு வருடமாக, ஊமைபோல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளையெல்லாம் வாய் திறக்க வைத்தவள். வெளிநாட்டில் ஆசிரியர் வேலை தேடப் புறப்பட்ட பிறகுதான் ஒன்று புரிந்தது. வேலைக்கு ஆள் பிடித்துத் தரும் ஏஜென்டுகள் ஆங்கிலத்தைப் பிறகுதான் பார்க்கிறார்கள். முதலில் பார்ப்பது பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்பதை.

ஐந்து ஏஜென்சிகளுக்கு எழுதினாள். ஆங்கிலம் தாய்மொழியாக உள்ள ஏழு நாட்டுக்காரர்களுக்கு மட்டும்தான் என்று ஒன்று சொன்னது. இன்னொன்று புகைப்படம் கேட்டது. அனுப்பிய பிறகு மூச்சே விடவில்லை. மற்ற மூன்றும் அந்த மரியாதையைக்கூடக் காட்டவில்லை. ஆறாவது ஏஜென்ட் கெல்வின். அவனிடமிருந்து ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. அந்த வேகத்திலேயே அவள் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஆனால் ஐந்து கதவு அடைபட்டவளுக்கு ஆறாவது கதவு திறந்தால், அதன் தாழ்ப்பாள் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்கவா தோன்றும்?

வியட்நாமில் ஒரு மொழிப் பயிற்சி மையம். தங்குவதற்கு வீடு அவர்களே தருவார்கள். முதலில் சுற்றுலாப் பயணியாக வந்து இறங்கினால் போதும், வேலை பெர்மிட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றான் கெல்வின். பயண ஏற்பாட்டுக்காகத் திங்கட்கிழமைக்குள் பாஸ்போர்ட்டைக் கூரியரில் அனுப்பிவிடச் சொன்னான். தினேஸ்வரி டியூஷன் சென்டரில் ராஜினாமா கடிதமே கொடுத்துவிட்டாள். அதன் பிறகுதான், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் அங்கே வேலை பார்க்கும் ஆசிரியர் ஒருவரிடம் பேசிவிட வேண்டும் என்று எங்கோ படித்தது ஞாபகம் வந்தது. கேட்டாள். கெல்வின் உடனே சம்மதித்தான். ஒரே நிபந்தனை, அந்தப் பேச்சில் அவனும் இருப்பான்.

ஞாயிறு காலை பத்தரை மணி. ஜெலாப்பாங்கில் அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு தினேஸ்வரி காத்திருந்தாள். மேசையின் மறுபக்கம் அவள் அம்மா சரளா. கையுறைத் தொழிற்சாலையில் வாரம் ஆறு நாள் நிற்பவளுக்கு அன்று ஒரு நாள்தான் விடுமுறை. அன்றும் சும்மா இருக்க முடியாமல் ஒரு தட்டு நெத்திலியோடு உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மா, பேசி முடிக்கிற வரைக்கும் வாய தொறக்காதீங்க."

"நான் எதுக்கு பேசப்போறேன்லா. நெத்திலி தலைய கிள்ளிக்கிட்டு இருக்கேன், பாத்தா தெரியல?"

திரையில் ஒரு கட்டத்தில் கெல்வின். அவன் எந்த நாட்டுக்காரன் என்று அவன் ஆங்கிலத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. இன்னொரு கட்டத்தில் வெள்ளைச் சுவருக்கு முன்னால் ஒரு இளம்பெண், நம்ம ஊர் முகம். தன் பெயர் ஷார்மேன், பேராக் மாநிலத்திலிருந்து வந்து ஏழு மாதமாகிறது என்று ஆங்கிலத்தில் சொன்னாள். பள்ளி நல்ல பள்ளி, பிள்ளைகள் தங்கம், நிர்வாகம் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறது. எழுதிவைத்துப் படிப்பதுபோல் இருந்தது. வேலை பெர்மிட் வந்துவிட்டதா என்று தினேஸ்வரி கேட்டபோது அவள் கண் ஒரு நொடி பக்கவாட்டில் போய்வந்தது. "அதெல்லாம் அவர்களே செய்துவிடுவார்கள்" என்றாள். தினேஸ்வரி அதையும் நம்பினாள். நம்ப வேண்டும் என்று ஆசைப்பட்டாள் என்பதுதான் சரி.

தங்கள் மாநிலமான பேராக்கின் பெயர் காதில் விழுந்ததுமே சரளாவின் கை நெத்திலியில் நின்றுவிட்டது. இது அவள் குற்றமில்லை. மலேசியத் தமிழர் இரண்டு பேர் சந்தித்துக்கொண்டால், எந்த எஸ்டேட் என்று கேட்காமல் ஒருவரையொருவர் விட்டதாகச் சரித்திரம் இல்லை. ரப்பர் மரத்தை வெட்டிச் செம்பனை நட்டார்கள், செம்பனையை அழித்து வீடு கட்டினார்கள். அந்தக் கேள்வியை மட்டும் யாராலும் அழிக்க முடியவில்லை. கேட்ட இரண்டு நிமிடத்தில் ஏதாவது ஒரு கல்யாணத்திலோ சாவிலோ இரு குடும்பமும் வந்து முட்டிக்கொள்ளும்.

சரளா எழுந்து, மகளின் தோளுக்கு மேல் திரைக்குள் தலையை நீட்டினாள். கையில் நெத்திலி வாடை வேறு.

"ஏம்மா பொண்ணு, நீ எந்த எஸ்டேட்?"

தினேஸ்வரிக்கு மானம் கப்பலேறிவிட்டது. வேலைக்கான பேச்சின் நடுவில், வெளிநாட்டு ஏஜென்ட் பார்த்துக்கொண்டிருக்கும்போது கேட்கிற கேள்வியா இது? கெல்வின் புருவத்தைத் தூக்கினான். ஷார்மேன் சிரித்துக்கொண்டே அவனுக்கு ஆங்கிலத்தில் விளக்கினாள். என் குடும்பத்தைப் பற்றி விசாரிக்கிறார்கள், எங்கள் ஆட்கள் இதைக் கேட்காமல் விடமாட்டார்கள், இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும் என்றாள். அவனும் சிரித்துவிட்டுத் தன் கைப்பேசியைப் பார்க்க ஆரம்பித்தான்.

"நான் டவுன்ல பொறந்தவ, ஆன்ட்டி. அப்பாதான் சிலிம் ரிவர் பக்கம். எட்டாங்கட்ட தோட்டம்."

"எட்டாங்கட்டயா? எங்க சித்தப்பா பிச்சைமுத்து அங்கதாம்மா ரப்பர் பால் வெட்டுனாரு."

"அப்படியா ஆன்ட்டி." ஷார்மேனின் சிரிப்பு அப்படியே இருந்தது, குரலும் மாறவில்லை. "இப்ப நான் சொல்றத சிரிச்ச முகத்தோடயே கேளுங்க. முகத்த மாத்தாதீங்க. உங்க மகள இங்க அனுப்பாதீங்க."

சரளா சிரித்த முகத்தை மாற்றவே இல்லை. சூப்பர்வைசர் எதிரில் நிற்கும்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று இருபது வருடமாகப் பழகியவள் அவள்.

"அட, அப்படியா. சொல்லும்மா, சொல்லு."

"வெளிநாடு போற புத்தகத்த வந்த அன்னிக்கே வாங்கி பூட்டி வெச்சிட்டாங்க. கேட்டா தரமாட்றாங்க. வேல செய்றதுக்கு தாளு தரேன்னாங்க, ஏழு மாசமா அது வரல. போலீசுக்குப் போனா என்னையத்தான் புடிப்பாங்கன்னு சொல்லி பயமுறுத்துறாங்க. சம்பளம் பாதிதான் கைக்கு வருது."

தினேஸ்வரி அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நம் ஆட்கள் நாலு வார்த்தை பேசினால் இரண்டு ஆங்கிலம், ஒன்று மலாய். இந்தப் பெண்ணோ பாஸ்போர்ட், விசா, பெர்மிட், ஏஜென்ட் என்று அவனுக்குப் புரியக்கூடிய ஒவ்வொரு சொல்லையும், அரிசியில் கல் பொறுக்குவதுபோல் பொறுக்கி எறிந்துவிட்டுப் பேசினாள். அந்தப் பொறுக்கலைப் பார்த்த பிறகுதான் தினேஸ்வரிக்கு முழுதாக நம்பிக்கை வந்தது. பொய் சொல்பவள் இவ்வளவு கஷ்டப்பட மாட்டாள்.

போலீசு என்ற சொல் மட்டும் தப்பிவிட்டது. கெல்வின் தலையைத் தூக்கி, எல்லாம் சரிதானே என்றான்.

"குட், குட்," என்றாள் சரளா தொழிற்சாலை ஆங்கிலத்தில். "ஹெர் ஃபாதர், மை அங்கிள், சேம் எஸ்டேட். அங்கிள் சன் போலீஸ்." சித்தப்பா மகன் போலீஸ் இல்லை, பள்ளிப் பேருந்து ஓட்டுகிறான். பெற்ற மகளே அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

கெல்வின் மறுபடி குனிந்துகொண்டான்.

"அப்பா பேரு என்னம்மா?"

அதுவரை ஆடாமல் இருந்த ஷார்மேனின் சிரிப்பு அப்போதுதான் ஒரு கணம் தளர்ந்தது. பிறகு சொன்னாள்.

"மத்தியாஸ். லோரி மத்தியாஸ்ன்னு கேட்டா சொல்வாங்க. இப்ப பத்து காஜா டவுன்ல இருக்காரு."

நாளைக்குப் பாஸ்போர்ட்டை அனுப்பிவிடுவாய்தானே என்று கெல்வின் கேட்டான். அனுப்பிவிடுகிறேன் என்று தினேஸ்வரி சொன்னாள். திரையை மூடினாள். உள்ளே ஓடி, அலமாரியிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். தப்பித்தோம் என்ற நினைப்பு மெதுவாகத்தான் வந்தது. வந்த பிறகு உடம்பெல்லாம் லேசாகி, காரணமில்லாமல் சிரிப்பு வந்தது.

வெளியே சரளா போனை எடுத்துவிட்டாள். முதலில் பிச்சைமுத்து சித்தப்பா மகனுக்கு. அவன் எட்டாங்கட்டைக் கோயில் தலைவரைக் கேட்டான். அவர் தோட்டத்தில் கணக்கெழுதி இப்போது தஞ்சோங் மாலிமில் இருக்கும் பழைய கிராணியைக் கேட்டார். மதியச் சோறு வடிப்பதற்குள் லோரி மத்தியாஸின் நம்பர் சரளாவின் கையில் இருந்தது.

மத்தியாஸ் நம்பவில்லை. "எம்மவ போன வாரங்கூட சிரிச்சிக்கிட்டேதான் பேசுனா. அவளுக்கு வெளிநாட்டுல வேல கெடச்சிச்சின்னு சர்ச்சுல எல்லாருக்கும் சொல்லி ஜெபமெல்லாம் பண்ணி அனுப்பினோம். நீங்க யாரோ என்னமோ சொல்றீங்க."

"எங்ககிட்டயும் சிரிச்சிக்கிட்டேதான் அண்ணே சொன்னா," என்றாள் சரளா.

மறுமுனையில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு, "வீடு எங்க இருக்கு? நான் வாரேன்," என்றார்.

அன்று பிற்பகலே வந்தார். பருத்த மனிதர், நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கொடுத்த தேநீரைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தார். தினேஸ்வரி அவரிடம் விவரங்களை வாங்கி, வியட்நாமிலுள்ள மலேசியத் தூதரகத்துக்கும் போலீஸுக்கும் ஆங்கிலத்தில் கடிதம் எழுதினாள். வெளிநாடு போகாமலே அவள் ஆங்கிலம் முதன்முறையாக வெளிநாட்டில் வேலை செய்தது. மறுநாள் டியூஷன் சென்டருக்குப் போய் ராஜினாமா கடிதத்தைத் திருப்பிக் கேட்டாள். உன் இடத்துக்கு இன்னும் ஆளே கிடைக்கவில்லை, போய் வகுப்பைப் பார் என்றார்கள். கெல்வின் ஏழு செய்தி அனுப்பினான். எட்டாவது வரவில்லை.

வெளிநாட்டு ஆசை போய்விட்டதா என்றால், இல்லை. அந்த வாரமே இன்னொரு ஏஜென்சிக்கு எழுதினாள். வேலை விசா கையில் வரும்வரை ஊரைவிட்டுக் கிளம்பமாட்டேன் என்று முதல் வரியிலேயே எழுதினாள். பதில் வர நான்கு நாளானது. அந்தத் தாமதமே அவளுக்குப் பிடித்திருந்தது.

தூதரகத்துக்கு எழுதிய ஐந்தாம் நாள் அங்கிருந்து சேதி வந்தது. ஷார்மேனின் பாஸ்போர்ட்டை வாங்கிவிட்டார்கள், அடுத்த விமானத்திலேயே ஏறலாம். மத்தியாஸ் சரளாவுக்குப் போன் போட்டு அழுதார். அடுத்த நாள் மறுபடி போட்டுக் கத்தினார். "வரமாட்டாளாம் தங்கச்சி. ரெண்டு நாள் பொறுங்கப்பாங்குறா. கீலாவா, பைத்தியமா இவளுக்கு? வுட்டாங்கடான்னு ஓடி வர வேணாம்?" இரண்டு நாள் என்றது ஆறு நாளாகிவிட்டது. அந்த ஆறு நாளும் சரளா வீட்டில் யாருக்கும் சோறு சரியாக இறங்கவில்லை.

கடைசியில் வருகிறாள் என்று உறுதியானதும், மத்தியாஸ் தன் வேனில் சரளாவையும் தினேஸ்வரியையும் ஏற்றிக்கொண்டு விமான நிலையத்துக்குப் போனார். கண்ணாடிக் கதவு திறந்து திறந்து யார் யாரோ வந்தார்கள். பிறகு ஷார்மேன் வந்தாள். திரையில் பார்த்ததைவிடக் குள்ளம். அவளுக்குப் பின்னால் இரண்டு பெண்கள், ஆளுக்கொரு பெட்டியோடு, கூட்டத்தில் யாரையும் தேடாமல் அவளை ஒட்டியே நடந்து வந்தார்கள்.

மத்தியாஸ் மகளைக் கட்டிக்கொண்டு நெடுநேரம் விடவில்லை. விட்ட பிறகு, யார் இவர்கள் என்பதுபோல் பார்த்தார்.

"இவளுக்கு ஊர் தைப்பிங். இவளுக்கு தெலுக் இந்தான்," என்றாள் ஷார்மேன். "ரெண்டு பேரும் வாரதுக்கு முன்ன எங்கிட்டதான் கேட்டாங்கப்பா. இவங்க கேட்ட மாதிரியே, அந்த கெல்வினும் கூட உக்காந்திருந்தான். நல்ல எடம், பயப்படாம வாங்கன்னு சொன்னேன். இவங்க புத்தகம் கையில வராம நான் மட்டும் எப்படி ஏறி வாரது?"

"ஏழு மாசம் எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியேம்மா."

"சர்ச்சுல எல்லாருக்கும் சொல்லி அனுப்புனீங்க. எனக்கு வாய் வரலப்பா. இந்த ஆன்ட்டிகிட்ட உங்க பேர சொன்னா, சாயந்தரத்துக்குள்ள உங்க காதுக்கு வந்துரும்ன்னு தெரியும். தெரிஞ்சிதான் சொன்னேன்."

பிறகு தினேஸ்வரியைப் பார்த்தாள். அவ்வளவு நேரமும் அவளைப் பார்ப்பதைத் தவிர்த்துக்கொண்டே இருந்தவள்.

"மூணாவதா உங்களுக்கும் அதையேதான் சொன்னேன். நீங்க நம்பிட்டீங்க. உங்க மூஞ்சியில தெரிஞ்சிச்சி. உங்க அம்மா குறுக்க வரலேன்னா, நான் அதோட நிறுத்தியிருப்பேன்."

தினேஸ்வரிக்கு ஒரு கணம் சுருக்கென்று கோபம் வந்தது. அந்தக் கோபம் நிற்கவில்லை. தைப்பிங்காரியும் தெலுக் இந்தான்காரியும் நிற்கிற வரிசையில் அடுத்த இடம் தன்னுடையது என்பது அப்போதுதான் உறைத்தது. அவள் ஷார்மேனின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஏதாவது சொல்ல நினைத்தாள், அழுகைதான் வந்தது. ஆறு நாளாக அடைத்துக்கொண்டிருந்ததெல்லாம் சேர்ந்து வந்தது. ஷார்மேனும் அழுதாள். தெலுக் இந்தான்காரி, தான் ஏன் அழுகிறோம் என்று தெரியாதவள் மாதிரி, தன் பெட்டியையும் ஷார்மேனின் பெட்டியையும் பிடித்துக்கொண்டு நின்று அழுதாள்.

மத்தியாஸ் மூன்று பெட்டிகளையும் வாங்கி வேனின் பின்னால் அடுக்கினார். சரளாவை முன்னால் உட்காரச் சொன்னார்.

"எல்லாரும் ஏறுங்கம்மா," என்றார். "மொதல்ல தைப்பிங் போலாம். இந்தப் புள்ள வீட்டுல காத்துக்கிட்டு இருப்பாங்க."